நெஞ்சு வலிக்கு முன்னால் பத்து ஆண்டுகள்

ஒஸ்லோவின் 2ஆம் இலக்கச் சுரங்க ரயில் மேற்கே ஓஸ்தெரோசில் புறப்பட்டு, வசதி படைத்தோர் வாழும் மேற்கு வட்டாரங்களைக் கடந்து, நகரின் நடுவே நிலத்தடியில் ஓடி, கிழக்கே எல்லிங்ஸ்ரூடோசனில் போய் நிற்கிறது. கிழக்குப் பக்கத்து நிலையங்களில் ஒன்று ட்வெய்ட்டா. ஆல்னா வட்டாரத்தைச் சேர்ந்த இந்தப் பகுதியை தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பவை அதன் மூன்று உயரமான அடுக்குமாடிகள். இங்கும் இதைச் சூழ்ந்த குரோரூட்டாலன் பள்ளத்தாக்கிலும், போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஒஸ்லோவின் மேற்கு வட்டாரங்களுக்கும் கிழக்கு வட்டாரங்களுக்கும் இடையே சராசரி ஆயுளில் ஆண்டுக்கணக்கில் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்துக்குப் பல காரணங்கள். இதய, இரத்தக்குழாய் நோய்கள் அவற்றில் முக்கியமான ஒன்று. இருபதுகளின் வயதில் வந்திறங்கிய அந்தத் தலைமுறை இன்று ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் இருக்கிறது. மாரடைப்பு அதிகம் வரும் வயது அது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். தமிழர்களைப் பொறுத்தவரை அந்த நினைப்பே தாமதமானது. நம்மவர்களின் இதய நோயை நெஞ்சு வலியைக் கொண்டு அடையாளம் காணக் கூடாது. வலிக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சில எண்களைக் கொண்டு அடையாளம் காண வேண்டும். அதற்கான வயது வரம்பும் இடுப்பளவும் பக்கத்து வீட்டு நோர்வேஜியருக்கு உரியவையாக இருக்க முடியாது. ஏன் என்று சான்றுகளோடு பார்ப்போம்.

நோர்வேயில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் இருக்கிறது. மருத்துவமனைப் பதிவுகளும் இறப்புப் பதிவுகளும் அந்த எண்ணால் இணைகின்றன. இந்த வசதியைப் பயன்படுத்தி, 1994 முதல் 2009 வரை நாடு முழுவதும் 35 முதல் 64 வயது வரையிலானவர்களை, அவர்கள் பிறந்த நாட்டின்படி பிரித்து ஆராய்ந்தார்கள். 2015இல் வெளியான முடிவு தெளிவானது: தெற்காசியாவில் பிறந்து நோர்வேயில் வாழும் ஆண்களுக்கு மாரடைப்பு வரும் விகிதம், நோர்வேயில் பிறந்த ஆண்களைவிட 2.27 மடங்கு. பெண்களுக்கு 2.10 மடங்கு. ஒரே மருத்துவமனை, ஒரே ஆம்புலன்ஸ், ஒரே வரிப்பணம். ஆனாலும் இரண்டு மடங்குக்கு மேல். கிழக்காசியாவிலிருந்து வந்தவர்களுக்கோ நோர்வேஜியர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே, புலம்பெயர்ந்தால் எல்லோருக்கும் இதயம் கெடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

வலிக்கு முன்பே நோயைக் காண முடியும் என்பதை உலகுக்கு நிறுவிக் காட்டிய நகரங்களில் ஒஸ்லோ முன்வரிசையில் நிற்கிறது. 1938இல் கார்ல் மியூல்லர் என்ற ஒஸ்லோ மருத்துவர், தசைநாண்களில் மஞ்சள் கொழுப்புக் கட்டிகள், இரத்தத்தில் மிகையான கொலஸ்ட்ரோல், இளவயதில் நெஞ்சு வலி ஆகிய மூன்றும் ஒரே குடும்பங்களில் சேர்ந்து வருவதைக் கவனித்தார். பதினேழு குடும்பங்களை ஆராய்ந்து, இது பரம்பரையாக இறங்கும் ஒரே நோய் என்று காட்டினார். கொலஸ்ட்ரோலுக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவை மனித உடலில் தெளிவாகக் காட்டிய ஆரம்பகாலச் சான்றுகளில் அது ஒன்று. 1951இல் அக்செல் ஸ்த்ரோம் இன்னொரு விஷயத்தைக் கவனித்தார். ஜெர்மனி நோர்வேயை ஆக்கிரமித்திருந்த 1940–45 காலத்தில் வெண்ணெய், இறைச்சி, முட்டை எல்லாம் கிடைப்பது அரிதானபோது, இரத்த ஓட்ட நோய்களால் ஏற்படும் இறப்பு குறைந்தது. போர் முடிந்து உணவு மேசை நிரம்பியதும் மறுபடி ஏறியது. 1966இல் பால் லெரென், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 412 ஆண்களில் பாதிப் பேருக்கு விலங்குக் கொழுப்பைக் குறைத்து சோயா எண்ணெயைக் கூட்டிய உணவை ஐந்து ஆண்டுகள் கொடுத்து, மறு தாக்குதல் குறைவதைக் காட்டினார். 1981இல் இங்வார் யெர்மான் குழு, நோய் எதுவும் இல்லாத, ஆனால் கொலஸ்ட்ரோல் கூடிய 1,232 ஆண்களை எடுத்துக்கொண்டது. பெரும்பாலோர் புகைப்பவர்கள். உணவு ஆலோசனையும் புகையை விடச் சொல்லும் ஆலோசனையும் பெற்ற குழுவில், மாரடைப்பும் திடீர் மரணமும் 47 சதவீதம் குறைந்தன. 1994இல் ஒஸ்லோவின் ஆக்கெர் மருத்துவமனையைச் சேர்ந்த தெர்யே பெடெர்சன் தலைமையில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஸ்கண்டிநேவிய ஆய்வு, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை மொத்த இறப்பையே 30 சதவீதம் குறைப்பதைக் காட்டி, உலகெங்கும் மருத்துவ நடைமுறையை மாற்றியது. எழுபதுகளில் தொடங்கி நோர்வேயின் இதய இறப்புகள் தொடர்ந்து சரிந்ததற்குப் பின்னால் இந்த அறிவு இருக்கிறது.

இத்தனை ஆய்வுகளிலும் பங்கேற்றவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் நோர்வேஜிய அல்லது ஸ்கண்டிநேவிய நடுவயது ஆண்கள். ஆகவே ஆபத்தைக் கணக்கிடும் முறைகளும் அவர்களின் உடலையும் வயதையும் ஒட்டியே வளர்ந்தன. இன்று நோர்வேயின் குடும்ப மருத்துவர்கள் பயன்படுத்தும் நோர்ரிஸ்க்-2 என்ற கணிப்பான் 45 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. நோர்வே மக்களின் தரவுகளை வைத்து உருவானது. நோர்வேஜியருக்கு அது பொருத்தமான வயதுதான். ஆனால் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதியை எடுத்துப் பாருங்கள். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய ஐந்து நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் 58.8. கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் முன்னால். சராசரி 53 என்றால் கணிசமானோருக்கு நாற்பதுகளிலேயே வந்துவிடுகிறது என்று பொருள். 45இல் கணக்குப் பார்க்கத் தொடங்குவது அவர்களில் பலருக்குக் காலம் கடந்த வேலை. இரத்தக்குழாயில் கொழுப்புப் படிவது இருபதுகள், முப்பதுகளிலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்தால், நம்மவர்கள் முதல் முழுப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டிய வயது 35 என்று நான் கருதுகிறேன்.

வயதைவிட ஏமாற்றுவது உடல் தோற்றம். 2004இல் லான்செட் இதழில் ஒரு சிறு கட்டுரையோடு இரண்டு பேரின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யூட்கின். இருவரும் ஆசிரியர்கள், இருவருமே ஒல்லி, உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. அளவும் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். எடைபார்க்கும் இயந்திரத்துக்கு இருவரும் ஒன்றுதான். நம் உடலில் தசை குறைவு, கொழுப்பு அதிகம்; அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் பரவாமல் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றி, ஈரலுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. ஈரலில் கொழுப்புத் தங்கினால் இன்சுலின் சொல்வதை உடல் கேட்காது. டிரைகிளிசரைட் ஏறும், நல்ல கொலஸ்ட்ரோலான எச்டிஎல் இறங்கும், கெட்ட கொலஸ்ட்ரோலான எல்டிஎல்லின் துகள்கள் சிறிதும் அடர்த்தியுமாகி இரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழையும். ஆள் பார்க்க மெலிவு, வயிறு மட்டும் சற்று முன்னால் என்றிருக்கும் நம்மூர் ஆண்களை வீட்டில் யாரும் குண்டு என்று சொல்வதில்லை, அவர்களும் நினைப்பதில்லை. சர்வதேச நீரிழிவு சம்மேளனம் தெற்காசியர்களுக்குப் பரிந்துரைக்கும் இடுப்பு வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தொப்புள் மட்டத்தில் தையல் நாடாவை வைத்து வீட்டிலேயே அளந்துவிடலாம். பெல்ட்டின் ஓட்டையை நம்பக் கூடாது. பலர் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழேதான் கட்டுகிறார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். குளிர், இருட்டு, இரவு வேலை, வெண்ணெய், சீஸ்: இந்த நாடுதான் நம்மைக் கெடுத்தது, ஊரிலேயே இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று நம்மவர்கள் பேசிக்கொள்வது வழக்கம். இதைச் சோதித்துப் பார்க்க ஓர் அரிய ஆய்வு இருக்கிறது. 2000–2002இல் ஒஸ்லோவில் பரிசோதிக்கப்பட்ட 1,145 இலங்கைத் தமிழர்களையும், 2005இல் கண்டியில் பரிசோதிக்கப்பட்ட 233 தமிழர்களையும் ஒப்பிட்டு 2010இல் முடிவு வெளியானது. ஒஸ்லோ தமிழர்களின் எடையும் இடுப்பளவும் எதிர்பார்த்தபடியே அதிகம். ஆனால் அவர்களின் இரத்த அழுத்தம் கண்டியினரைவிடக் குறைவு. நல்ல கொலஸ்ட்ரோல் அதிகம். மொத்தக் கொலஸ்ட்ரோலுக்கும் நல்ல கொலஸ்ட்ரோலுக்கும் உள்ள விகிதமும் மேலானது. உடல் பருத்திருந்தும் இரத்தம் சற்று நன்றாக இருந்தது. கண்டிக் குழு சிறியது, அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஊர் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு அது ஆதாரம் தரவில்லை. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆபத்தின் பெரும்பகுதி நம்மோடு விமானம் ஏறி வந்தது என்பது விளங்கும். நோர்வே கூட்டியது இடுப்பளவை. அதில் இங்கு வந்தபின் தட்டில் நேர்ந்த மாற்றத்துக்கும் பங்குண்டு. இறைச்சி, பால்பொருள், உருளைக்கிழங்கு பெருகின. பருப்பும் பயறும் சுருங்கின. சோற்றின் அளவு மட்டும் அப்படியே நின்றது. பிறந்தநாள் மண்டபத்தில் ரோல்சும் பற்றிசும் கட்லட்டும் முடிந்த பிறகுதான் சாப்பாடே தொடங்குகிறது.

நம்மோடு வந்தது என்றால் அது தலைவிதி, மரபணுவை மாற்ற முடியுமா என்பது அடுத்த மறுப்பு. மரபணுவின் பங்கை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் பிறப்பே தீர்மானிக்கிறது. உணவோ ஓட்டமோ அதை அசைப்பதில்லை. இன்டர்ஹார்ட் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, மாரடைப்பில் அதன் பங்கு தெற்காசியர்களிடம் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. அந்தத் துகளை 1963இல் கண்டுபிடித்தவர் கோரெ பெர்க், ஒஸ்லோ பல்கலைக்கழகத்து மரபியலாளர். வாழ்நாளில் ஒருமுறையேனும் அதை அளந்து பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019இல் பரிந்துரைத்தது. இதே நகரத்துப் பல்கலைக்கழக விஞ்ஞானி கண்டுபிடித்ததை, ட்வெய்ட்டாவில் வாழும் தமிழர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது கேட்டு வாங்கி அளந்திருப்பார்கள்? ஆனால் மரபணு முழுக் கதையல்ல. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு ஏன் முந்தி வருகிறது என்று இன்டர்ஹார்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, புகை, கொழுப்பு விகிதம், நீரிழிவு, இரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கறி பழம் உண்ணாமை, உடலுழைப்பின்மை போன்ற தெரிந்த காரணிகளே நம்மிடம் இளவயதில் கூடுதலாக இருப்பது அந்த இடைவெளியின் பெரும்பகுதியை விளக்கிவிட்டது. தெரிந்த காரணிகள் என்றால் அளக்கக்கூடியவை, பெரும்பாலானவை குறைக்கவும் கூடியவை.

அவற்றில் நம்மை அதிகம் வதைப்பது சீனி வருத்தம். 2000–2002இல் ஒஸ்லோவில் நடந்த அதே பரிசோதனைகளின் தரவில், 30 முதல் 60 வயது வரை உள்ள இலங்கையில் பிறந்த பெண்களில் 22.5 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 20.7 சதவீதத்தினருக்கும் நீரிழிவு இருந்தது. நோர்வேஜியப் பெண்களில் 2.7, ஆண்களில் 6.4. பெண்களின் எண்ணை இன்னொரு முறை பாருங்கள்: எட்டு மடங்கு. கண்டி ஒப்பீட்டில் இருந்த தமிழ்ப் பெண்களில் ஒருவர்கூடப் புகைப்பவர் இல்லை. புகை இல்லை, மது இல்லை, ஆகவே இதய நோய் ஆண்களின் விவகாரம் என்று வீட்டில் எல்லோரும் நினைக்க, அந்தப் பெண்ணின் இரத்தத்தில் சீனி ஆண்டுக்கணக்கில் இரத்தக்குழாய்களைக் கெடுத்துக்கொண்டிருக்கும். இது கர்ப்பகாலத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும் நோய். குரோரூட்டாலனின் ஸ்தொவ்னர், குரோரூட், பியெர்க்கெ வட்டாரங்களில் 2008–2010இல் 823 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்த ஸ்தோர்க் ஆய்வு, தெற்காசியப் பெண்களிடம் கர்ப்பகால நீரிழிவு மிக அதிகம் என்று காட்டியது. பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிடும். கதை முடிந்தது என்று அந்தக் கோப்பு மூடப்படும். ஆனால் கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய, இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைப் போல இரு மடங்கு என்று 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்த முடிவு சொல்கிறது. முப்பது வயதில் கிடைத்த அந்த எச்சரிக்கைக்கு மேலான எச்சரிக்கை ஒரு பெண்ணுக்குக் கிடைக்கப் போவதில்லை.

இனி வலிக்கு வருவோம். எண்களை மட்டும் பேசி அறிகுறியைப் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை யாருக்கும் உதவாது. இரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புத் திட்டு வளர்ந்து குழாய் குறுகும்போது, ஓய்வாக இருக்கும் இதயத்துக்கு இரத்தம் போதும். மேடு ஏறும் இதயத்துக்குப் போதாது. ஜனவரி மாதத்தில் நிலையத்திலிருந்து மேட்டுப் பாதையில், எதிர்க்காற்றில், கையில் சாமான் பையோடு நடக்கும்போது நெஞ்சின் நடுவே ஓர் இறுக்கம், பாரம், எரிவு. சில வேளை தொண்டையிலும் தாடையிலும் இடது கையிலும். நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். குளிர்காற்று இரத்தக்குழாய்களைச் சுருக்கி இதயத்தின் சுமையைக் கூட்டுவதால் இது பனிக்காலத்தில் முதலில் தெரியும். இதைத்தான் நம்மவர்கள் வாய்வு என்றும் காஸ்ட்ரிக் என்றும் சொல்லி இஞ்சித் தேநீரோடு முடித்துவிடுகிறார்கள். வேறுபடுத்த ஒரு எளிய வழி உண்டு: நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் அது வயிறாக இருப்பது அரிது. அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். அந்தத் திட்டு வெடித்து அதன்மேல் இரத்தக்கட்டி உருவானால் குழாய் அடைபடும். அதுதான் மாரடைப்பு. அது ஓய்விலும் வரும், நின்றாலும் போகாது, வியர்த்துக் கொட்டும், குமட்டும். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் வலியே தெளிவாக இல்லாமல் மூச்சு வாங்குதல், வாந்தி, காரணமில்லாத பெருங்களைப்பு என்று வரக்கூடும். நீரிழிவு நரம்புகளையும் கெடுப்பதால் சிலருக்கு வலியின்றியே இதயத் தசை செத்துப்போகிறது. நமக்கு நீரிழிவு இத்தனை அதிகம் என்னும்போது, வலிக்காகக் காத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள். மாரடைப்பின் அறிகுறி தெரிந்தால் மகன் காரை எடுத்து வரும்வரை காத்திருக்கக் கூடாது; அவசர மருத்துவ எண்ணான 113ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்சிலேயே இசிஜி எடுத்து, அடைப்பு என்றால் உல்லெவோல் போன்ற மருத்துவமனையின் ஸ்டென்ட் பிரிவுக்கு நேராகக் கொண்டுபோகிறார்கள். இரவு நேரத்தில் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்ற மரியாதை அந்த ஒரு அழைப்பில் வேண்டாம்.

பக்கவாதத்துக்கு நோர்வே சுகாதார இயக்ககம் மூன்று சோதனைகளை மக்களுக்குப் பழக்கியிருக்கிறது: பேசு, சிரி, கை தூக்கு. பேச்சு குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தானே கீழே இறங்கினாலோ அதே 113. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழமையாக நாலரை மணி நேரமே உண்டு. சில நிமிடத்தில் தானே சரியாகிவிட்டாலும் அழைக்க வேண்டும். பெரியது ஒன்று வரப்போவதன் முன்னறிவிப்பாக அது இருக்கலாம். கால் தரும் எச்சரிக்கையும் உண்டு: நடந்தால் கெண்டைக்காலில் பிடிப்பு, நின்றால் விடுதலை என்றால் அதைப் பனியில் வழுக்கியதற்கோ வயதுக்கோ எழுதிவிடக் கூடாது. காலுக்குப் போகும் குழாய் அடைபட்டவரின் இதயக் குழாயும் பெரும்பாலும் சுத்தமாக இருக்காது.

மருந்தைப் பற்றிய அச்சம் நம்மிடம் ஆழமானது. கொலஸ்ட்ரோல் மாத்திரையான ஸ்டாட்டினைத் தொடங்கினால் வாழ்நாள் முழுவதும், தசை நோகும், ஈரல் கெடும் என்று தமிழ்க் காணொளிகள் சொல்கின்றன. தசை நோவு வருவது உண்மை. ஆனால் மாத்திரை எடுத்தவர்களையும் போலி மாத்திரை எடுத்தவர்களையும் யாருக்கு எது என்று தெரியாமல் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளை 2022இல் தொகுத்தபோது, தசை நோவு என்று சொன்ன பத்தில் ஒன்பது பேருக்கும் மேலாக மாத்திரை காரணமாக இருக்கவில்லை. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு நோவு இருந்தது. மறுபக்கம், எல்டிஎல் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் குறைந்தால் பெரிய இதய, மூளைத் தாக்குதல்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. எல்லோரும் மாத்திரை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எடை, உணவு, நடை என்பவற்றால் எண்கள் இறங்கினால் நல்லது. இறங்காவிட்டால் மருந்தைத் தள்ளிப்போட வெந்தயமும் பாகற்காயும் காரணமாகக் கூடாது. விட்டமின் டி பற்றியும் ஒரு வார்த்தை. நம் தோலுக்கு நோர்வேயின் வெயில் போதாது என்பது உண்மை, எலும்புக்கு அது தேவை. ஆனால் 25,000க்கும் அதிகமானோரிடம் நடந்து 2018இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில் அந்த மாத்திரை மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை.

தெற்காசியர் என்ற ஒரே பெட்டிக்குள் எங்களை அடைப்பது சரியா, இது நோயை இனத்தின் மேல் ஏற்றுவது ஆகாதா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. பாகிஸ்தானியர்களும் தமிழர்களும் உண்பதும் உழைப்பதும் வேறு. இனத்தைச் சொல்லி வறுமையை மறைத்துவிடும் அபாயமும் உண்டு: அதிகாலை துப்புரவு வேலை, இரவுப் பேருந்து, முதியோர் இல்லத்தில் முறைமாறும் பணி என்று உடம்பைத் தேய்த்த தலைமுறை இது. தூக்கம் கெட்டால் இரத்த அழுத்தமும் சீனியும் கெடும். இதற்குத் தனிமனிதரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதை இதே பள்ளத்தாக்கு காட்டியிருக்கிறது. 2000 முதல் மூன்று ஆண்டுகள் ரொம்சோஸ் பகுதியில் அன்னே காரென் யேனும் குழுவினர் கூட்டு நடை, பயிற்சிக் குழு, ஆலோசனை என்று வட்டாரம் முழுவதையும் அசைக்க முயன்றார்கள். ட்வெய்ட்டாவின் அதே ரயில் பாதையில் இருக்கும் ஃபூருசெட்டை ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் மக்களின் எடை கூடியது, ஆனால் ரொம்சோசில் கூடியது ஃபூருசெட்டில் கூடியதில் ஏறக்குறைய பாதிதான். ஒரு வட்டாரம் முயன்றால் எண்கள் நகரும். அதுவரை தனிமனிதர் தன் எண்களை அறியாமலிருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே குடும்ப மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டியவை: இரத்த அழுத்தம், மூன்று மாதச் சீனியின் சராசரியான எச்பிஏ1சி, எல்டிஎல், எச்டிஎல், டிரைகிளிசரைட், ஒருமுறை லிப்போபுரோட்டீன்-ஏ. எச்பிஏ1சி 48 என்று நோர்வேயில் எழுதினால் ஊரில் அதை 6.5 சதவீதம் என்பார்கள். அதுதான் நீரிழிவின் வாசல். எல்டிஎல் 3 என்றால் சென்னை ஆய்வகத்தின் 116. அலகு மாறியதால் நோய் மாறிவிட்டதாகக் குழம்ப வேண்டாம். நோர்வேஜிய மொழி சரளமில்லாத பெற்றோருக்கு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்புச் சட்டத்தின்படி தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது மருத்துவமனையின், மருத்துவரின் பொறுப்பு. அவசர நேரம் போன்ற விதிவிலக்குகள் தவிர, பிள்ளைகளை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. தாயின் நெஞ்சு இறுக்கத்தைப் பன்னிரண்டு வயது மகளால் சரியாகச் சொல்ல முடியாது. தாயும் மகள்முன் முழுதாகச் சொல்லமாட்டாள்.

மருத்துவர் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு நம்மிடம் நேரான பதில் இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது அறுபது வயதுக்கு முன் மாரடைப்பு வந்ததா என்பது அந்தக் கேள்வி. போரில் குடும்பங்கள் சிதறின. ஷெல்லடிக்கு நடுவே, மருத்துவமனை இல்லாத ஊரில், இடம்பெயர்ந்த கொட்டிலில் ஒரு தந்தை திடீரென்று விழுந்து இறந்திருப்பார். நெஞ்சடைப்பு என்று யாரோ சொல்லியிருப்பார்கள், எழுதி வைத்தவர் இல்லை. நாற்பது வயதில் இறந்தவர் நாட்டுக்காகவோ கவலையாலோ இறந்தார் என்றே குடும்பம் நினைவில் வைத்திருக்கும். இல்லை என்று மகன் சொல்லிவிட, கணிப்பான் அவரது ஆபத்தைக் குறைத்துக் காட்டிவிடும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். மருத்துவர் அதை ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் வழியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ டொரொன்டோவிலோ இருக்கும் மாமியை, பெரியப்பாவை இந்த வாரமே அழைத்து, அப்பாவின் உடன்பிறந்தவர்களும் அம்மாவின் உடன்பிறந்தவர்களும் எந்த வயதில் எப்படி இறந்தார்கள், யாருக்குச் சீனி இருந்தது, யாருக்கு ஒரு பக்கம் வழங்காமல் போனது என்று கேட்டு, பெயர் வயது சகிதம் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். அதன் ஒரு பிரதியைப் பிள்ளைகளிடமும் கொடுங்கள். அவர்களில் மூத்தவர்களுக்கு இப்போதே முப்பத்தைந்து நெருங்குகிறது.